சாம்பல்நிறக் கார் மூச்சிரைத்த சருக்கம்

வாழ்க, பொக்கைவாய் காத்த பெருந்தகை! பல்லிழந்தோர் மீண்டும் வாய்விட்டுச் சிரிக்க வழிசெய்த வள்ளல். மெழுகில் பல் வடித்து, அச்சில் ஈறு வார்த்து, தேய்த்து மெருகேற்றி, ஊர்த் தாடைகளிலெல்லாம் தன் கைவண்ணத்தைக் குடியேற்றிய கலைஞன். பல் மருத்துவமனையின் பின்னறையில் இருபதாண்டு வீற்றிருந்து, அரை மில்லிமீட்டர் பிசகையும் பொறுக்காத கூர்விழிக் கோமான். வீட்டில் எப்பொருள் பழுதுபடினும் "நானே பாத்துக்கறேன்" என்னும் ஒற்றை மந்திரத்தை முழங்கி, மிக்ஸியையும் இஸ்திரிப் பெட்டியையும் சுவர்க் கடிகாரத்தையும் நிரந்தர ஓய்வுக்கு அனுப்பிவைத்த அஞ்சா நெஞ்சன்! அவன் ஒரு சனிக்கிழமை தன் சொந்தக் காரோடு புரிந்த பெரும்போரைப் பாடப் புகுந்தோம். அவையோர் சற்றே அமைதி காக்க.

அக்காரோ இருபத்து மூன்றாண்டு அகவையது. சாம்பல் நிறத்தது. இடப்பக்கக் கதவில் மட்டும் முன்னொரு நாள் ஒரு தூணைத் தழுவிய விழுப்புண் தாங்கியது. சாலையில் ஓடுங்கால் மதயானையென ஓடும். நிற்குங்காலோ குளிர்காய்ச்சல் கண்டவனைப்போல் கிடுகிடுவென நடுங்கும். ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்கும்வரை உறுமும். காலை எடுத்துப் பிரேக்கை மிதித்த மறுகணம் இருமுறை இருமி, ஒருமுறை குலுங்கி, மாண்டாற்போல் அடங்கும். சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் எழும். சாவதும் எழுவதும் அதற்கொரு விளையாட்டு.

அவ்விளையாட்டுக்கு இரையானவள் வீரனின் மகள். போன மாதம் ஓட்டுநர் உரிமத் தேர்வில், இன்ஸ்பெக்டர் பக்கத்திலமர்ந்து பார்த்திருக்க, வெள்ளைக் கோட்டருகே அழகாக நிறுத்தினாள். காரும் அழகாக நின்றது, எஞ்சினோடு சேர்ந்து. மறுபடி கிளப்பினாள், மறுபடி நின்றது. மூன்றாம் முறை இன்ஸ்பெக்டர் தன் தாளில் ஒரு குறுக்குக்கோடு இழுத்தார். கண் கலங்கி வீடு வந்தவளை நோக்கி, நம் பெருந்தகை நீதிமன்றத் தீர்ப்பைப்போல் மொழிந்தான்:

"நீ கிளட்ச்சை சீக்கிரமா விட்டுட்டே. வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல."

ஒரு மாதம் முழுதும் அம்மகள் கிளட்ச்சே கனவாய், கிளட்ச்சே நினைவாய், காலி மைதானத்தில் இடக்கால் வலிக்க வலிக்கப் பயின்றாள். மறுதேர்வு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு.

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வீரன் தனியே வந்துகொண்டிருந்தான். செவ்விளக்கு எரிந்தது. கியரை நியூட்ரலில் தள்ளினான். கிளட்ச்சிலிருந்து காலை முற்றிலும் எடுத்தான். பிரேக்கை மட்டும் மிதித்தான். கார் இருமிற்று, குலுங்கிற்று, மாண்டது. பின்னே லாரிகள் போர்ச்சங்கம் ஊதின, ஆட்டோக்கள் ஊளையிட்டன, ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் "என்ன சார், தூங்கிட்டீங்களா?" என்று அறைகூவினார். எதுவும் அவன் செவியில் ஏறவில்லை. இதில் கிளட்ச்சுக்கு யாதொரு பங்கும் இல்லையென்பது மட்டும், ஈறில் இறங்கும் ஊசியெனச் சுருக்கென்று உள்ளே இறங்கியது.

வீடு சேர்ந்தான். இரவு மகளோடு சாப்பிட உட்கார்ந்தான். சொல்லிவிட வாயெடுத்தான். எடுத்த வாயில் ஒரு கவளத்தைப் போட்டு மூடிக்கொண்டான். தெருமுனை மெக்கானிக்குக்குப் போன் செய்தான். "செவ்வாய்க்கிழமைதான் கை வைக்க முடியும் சார்" என்றது மறுமுனை. அக்கணமே சூளுரைத்தான்: "நானே பாத்துக்கறேன்!" சமையலறையில் அவன் மனைவி மிக்ஸி இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துப் பெருமூச்செறிந்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. கார் நிறுத்துமிடத்தில் பானட் திறந்தது. ஸ்பானர்கள் வாளென மின்ன, கைலியை மடித்துக் கட்டிய கோலத்தில் களம் புகுந்தான் வீரன். தேர்ப்பாகனாய் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள் மகள். "போடு!" என்றால் சாவியைத் திருப்புவதும், "நிறுத்து!" என்றால் அணைப்பதும் அவள் கடன், பல வேளைகளில் அவள் அணைக்குமுன் காரே அக்கடனை முடித்துக்கொண்டது.

முதலில் வீழ்ந்தவை ஸ்பார்க் பிளக்குகள் நான்கும். புகையேறிக் கறுத்த அக்கிழட்டுச் சேவகர்களை மறை சுழற்றி வெளியேற்றி, புத்தம் புதிய நால்வரை அவ்விடத்தில் அமர்த்தி, "போடு!" என்று முழங்கினான். கார் எழுந்தது, உறுமிற்று, நடுங்கிற்று, மாண்டது. அடுத்து ஏர் ஃபில்டர். அதைத் தட்டியபோது எழுந்த தூசுப்படலம் கதிரவனை மறைத்தது. மாடிவீட்டார் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகள் நிறம் மாறின. மேலிருந்து வந்த வசைமொழிகளை வீரன் பூமாரியாய் ஏற்றுக்கொண்டான். கார் எழுந்தது, நடுங்கிற்று, மாண்டது.

பின்னர் எஞ்சினுக்குள் காற்று நுழையும் வாயிலைத் திறந்து பார்க்க, ஆகா, அங்கே படிந்திருந்த கரி! இருபதாண்டு புகைத்தவரின் கடைவாய்ப் பல்லிலும் அப்படிக் கறை கண்டதில்லை அவன். கைத்தொழில் உவகை பொங்கிற்று. குளியலறைக்கு ஓடிச்சென்று பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் கைப்பற்றிவந்து, மருந்தடித்து, மேலும் கீழுமாய், வட்டவட்டமாய், ஈறு நோகாமல் தேய்ப்பதுபோல் தேய்த்தான். வாயில் வெள்ளிபோல் ஒளிர்ந்தது. இம்முறை கார் எழுந்து, அரை நிமிடம் அணையாமல் சீராய் உறுமிற்று. வீரன் இரு கைகளையும் வானோக்கி உயர்த்தினான்.

"பிரேக்கை மிதிக்கவாப்பா?" என்றாள் மகள்.

"மிதி!"

மிதித்தாள். மாண்டது.

உயர்ந்த கைகள் மெல்லத் தாழ்ந்தன. மணி பன்னிரண்டரை. மகள் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தாள். "மூணு மணிக்கு டெஸ்ட்டுப்பா" என்றாள், கோபமில்லாத குரலில். கோபித்திருந்தால் தாங்கியிருப்பான். வீரன் டயரருகே தரையில் குந்தினான். கரி படிந்த நெற்றியைக் கரி படிந்த புறங்கையால் துடைத்து, இரண்டையும் மேலும் கறுப்பாக்கினான்.

அவ்வேளை ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் முடித்து வந்து சேர்ந்தாள் அவன் மனைவி: தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலி, நள்ளிரவு அலாரங்களுக்கும் நடுங்காத நங்கை. கைப்பை தோளில் தொங்க, களத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அது என்னோட பிரஷ்ஷுங்க."

வீரன் பிரஷ்ஷை டயருக்குப் பின்னே தள்ளினான்.

"சரி, போகட்டும். வண்டியை ஸ்டார்ட் பண்ணு கண்ணு." மகள் சாவியைத் திருப்பினாள். நங்கை தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, கேக்கலையா? எங்க வார்டுல மூச்சுக்குழாய்ல ஓட்டை விழுந்தா இதே சத்தம்தான் வரும். எங்கேயோ காத்து ஒழுகுதுங்க."

கைப்பையிலிருந்து வெளிப்பட்டது ஸ்டெதஸ்கோப் என்னும் தெய்வப்படை! அதன் வட்ட முகத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்குழாயின் நுனியை, சுழலும் பெல்ட்டுக்கு எட்டாமல், எஞ்சின்மேல் இங்குமங்கும் நகர்த்தினாள். நகர்ந்த நுனி எஞ்சினின் பின்புறம், கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் நின்றது. பிரேக்கை இலகுவாக்கும் பொருட்டு எஞ்சினிலிருந்து பின்சுவருக்கு ஓடும் தடித்த ரப்பர் குழாய் அங்கிருந்தது. அதன் அடிநுனியில், முதுமையால் வெடித்த ஒரு பிளவு. அதன் வழியே அழையா விருந்தினராய் உட்புகுந்த காற்று, எஞ்சின் உண்ணும் பெட்ரோலை மெலியவைத்தது. ஓடும்போது சமாளித்த எஞ்சின், ஓய்ந்து நிற்கும்போது பட்டினியில் துவண்டது. பிரேக்கை மிதித்தபோதெல்லாம் அப்பிளவு இன்னும் விரிந்தது.

நங்கை கட்டைவிரலால் அப்பிளவை அழுத்தினாள். நடுக்கம் நின்றது. பானட்டின் தடதடப்பு அடங்கி, கார் தூங்கும் பூனையென முரலத் தொடங்கிற்று.

"பிரேக்கை மிதி" என்றாள். மகள் மிதித்தாள். கார் சாகவில்லை.

அதன்பின் வீரன் எழுந்த எழுச்சியை என்னென்பது! எஞ்சின் அடங்கியதும் குழாயைக் கழற்றினான். பல் செதுக்கும் கத்தியை எடுத்து, வெடித்த நுனியை அரை விரற்கடை அளவு, மயிரிழை பிசகாமல் அரிந்தான். மீண்டும் மாட்டி, கவ்வியை இறுக்கினான். ஈறில் பல் பொருந்துவதுபோல் பொருந்திற்று. பத்து முறை மிதித்துப் பார்த்தார்கள். பத்து முறையும் கார் உயிரோடிருந்தது.

இரண்டே கால் மணிக்குப் புறப்படுமுன், அன்றைய போரிலேயே கடுமையான போர் எஞ்சியிருந்தது. கை கழுவி, சட்டை மாற்றி, மகளின் பக்கத்தில் அமர்ந்த வீரன் மூன்று முறை தொண்டையைச் செருமினான்.

"போன மாசம்... கிளட்ச் இல்லம்மா. வண்டிதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

மகள் கண்ணாடியைச் சரிசெய்தாள். "தெரியும்பா. நேத்து நீங்க ஓட்டும்போதே சிக்னல்ல வண்டி அணைஞ்சப்போ, எதிர் மருந்துக்கடையிலதான் நின்னுட்டிருந்தேன். எப்போ சொல்லுவீங்கன்னு காலையிலேர்ந்து பாத்துட்டிருக்கேன்."

கவச குண்டலம் யாவும் கழன்ற வீரன், சீட் பெல்ட்டை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். மகள் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

வெள்ளைக் கோட்டருகே கார் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. ஏற்றத்தில் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து, குறுக்குக்கோடு ஏதுமின்றிக் கையொப்பமிட்டார். திசையெட்டும் முரசதிர்க! பிளவுற்ற குழாயை வென்ற பெருங்குடி வாழ்க! செவியால் பகை கண்ட நங்கை வாழ்க! இடக்கால் பழி நீங்கிய இளங்கொடி வாழ்க! வாகை சூடிய சாம்பல்நிறத் தேர் நூறாண்டு ஓடுக! புகழ் மணக்க வீடு திரும்பிய மகள், சாவியை ஆணியில் மாட்டாமல், மிக இயல்பாக, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து வீரன் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறான்.