தங்கக் குதிரையும் ராசி அண்ணனும்

ராசி அண்ணன் வாயைத் திறந்தால் போதும், ஊரே வாயைப் பிளக்கும்.

ஊர் என்றால் ஆன்லைன் விளையாட்டுக்குள் இருக்கும் ஊர். அங்கே புதையல் பெட்டியைத் திறந்தால் எப்போதாவது தங்கக் குதிரை வரும். அதை வரவழைக்கும் வித்தை தனக்கு மட்டுமே தெரியும் என்றார் அண்ணன். ஊர்க் கிணற்றை ஏழு சுற்று சுற்ற வேண்டும். தவளை மாதிரி மூன்று முறை குதிக்க வேண்டும். கையில் இருப்பதிலேயே உசத்தியான ஆயுதத்தை அண்ணனுக்குக் காணிக்கையாக்க வேண்டும். குதிரை கம்ப்யூட்டரில், காணிக்கை அண்ணனிடம். என்ன நியாயமோ!

ஆடுகிறவர்களின் வழக்குகளைத் தீர்க்கும் மாடரேட்டருக்குக் காலையிலேயே தலை சுற்றியது. "ஏழு சுத்து சுத்தினேன், குதிரை வரல. கம்பெனி ஏமாத்துது!" என்று புகார் மேல் புகார். அண்ணன் ஏமாற்றுகிறார் என்று மறந்தும் ஒருவர் எழுதவில்லை. அவள் அண்ணனின் பதிவுகளை நீக்கினாள். "பாத்தீங்களா, ரகசியம் வெளிய வந்துடும்னு பயம்!" என்று அண்ணன் கூவ, கூட்டம் இரட்டிப்பானது.

பக்கத்து அறையிலிருந்து அவள் மாமியார் வந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விளையாட்டில் கொம்பு வைத்த போர்வீரன், பட்டப்பெயர் இடிமுழக்கம்.

"ஏம்மா, என் வெள்ளிக் கேடயத்தை அண்ணனுக்குக் குடுத்துட்டேன்."

"ஐயோ அத்தை! மூணு மாசம் மல்லுக்கட்டி ஜெயிச்சதாச்சே. குதிரை வந்துச்சா?"

"வரல. என் மனசுல சந்தேகம் இருந்துச்சாம். கோடாலியையும் குடுத்தா தீந்துடுமாம்."

மருமகளுக்குச் சுருக்கென்றது. உடனே விளையாட்டை உருவாக்கிய டெவலப்பரைக் கூப்பிட்டாள்.

"குதிரை எப்படித்தான் வருது?"

"சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரிதான். நூறு பெட்டிக்கு ஒண்ணு. வெளிய சொன்னா சுவாரசியம் போயிடுமே?"

"நீங்க வாயை மூடிக்கிட்டு இருக்கறதாலதான் அவர் வாய் நீளுது."

"சரி, ஊரைக் கூட்டுங்க, நானும் வர்றேன்," என்றார் டெவலப்பர்.

ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் பொதுக்கூட்டம். அண்ணன் பந்தாவாக வந்தார். பின்னால் தங்கக் குதிரைகளில் மூன்று பேர். "இவங்களே சாட்சி!" என்றார். ஒரே ஆரவாரம்.

மாடரேட்டர் அறிவித்தாள்: "காணிக்கை குடுத்து குதிரை வந்தவங்க கிணத்துக்கு வலப்பக்கம் நில்லுங்க. குடுத்தும் வராதவங்க இடப்பக்கம்."

வலப்பக்கம் அதே மூன்று பேர். இடப்பக்கம் முதல் ஆளாக இடிமுழக்கம் போய் நின்றது. அப்புறம் வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். கடைத்தெரு நிரம்பிப் பாலமும் நிரம்பியது. முந்நூறு பேருக்குக் குறையாது.

"அட, எனக்கு மட்டும்தான் வரலன்னு வெட்கப்பட்டு வெளிய சொல்லாம இருந்தேன்," என்றார் ஒருவர்.

"நானுந்தான்!" என்றது பாலம் முழுக்க.

"கடைசியா ஒண்ணு," என்றாள் அவள். "அண்ணன் இருக்கற பக்கம் தலைவச்சுப் படுக்காமலே குதிரை வந்தவங்க வாங்க."

குன்றுக்குப் பின்னாலிருந்து குளம்புச் சத்தம். நாற்பது தங்கக் குதிரைகள் புழுதி பறக்க வந்து நின்றன. "நான் கைதவறித் திறந்தேன், வந்துடுச்சு," என்றார் ஒரு குதிரைக்காரர்.

டெவலப்பர் தொண்டையைச் செருமினார். "காணிக்கை குடுத்தாலும் நூத்துக்கு ஒண்ணு, குடுக்காட்டியும் நூத்துக்கு ஒண்ணு. இதை முதல் நாளே சொல்லியிருக்கணும். எங்க தப்பு."

அண்ணன் விடுவாரா? "இங்க நம்பிக்கையில்லாத ஆள் யாரோ நிக்கறாங்க. அதான் சக்தி வேலை செய்யல!"

"வேலை செய்யலேன்னா என் கேடயத்தைத் திருப்பிக் குடு!" என்று முழங்கினார் மாமியார்.

டெவலப்பர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். வாங்கிய காணிக்கையை எல்லாம் வேறொரு பெயரில் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தவரும் சாட்சாத் அண்ணனே! அவ்வளவுதான். அண்ணனின் நுழைவு முடக்கப்பட்டது. மீட்க முடிந்த ஆயுதங்கள் எல்லாம் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன.

கூட்டம் கலையும் நேரத்தில் ஒருவர் கேட்டார்: "அதெல்லாம் சரி மேடம், குதிரை வரணும்னா எந்தத் திசையைப் பாத்துத் திறக்கணும்?"

மாடரேட்டர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பதில் சொன்னவர் மாமியார்.

"தம்பி, அந்தப் பெட்டியைத் திறக்க இத்தனை பாடு படுறியே. கழுத்துக்கு மேல ஒரு பெட்டி பொறந்த நாள்லேர்ந்து பூட்டியே கிடக்கு. அதைத் திற மொதல்ல. அதுக்குத் திசை வேண்டாம், காணிக்கை வேண்டாம்!"