கரண்ட் துப்பாக்கியும் கந்தசாமியின் நெஞ்சும்

சிரஞ்சீவி மச்சான் வக்கீல் நாராயணசாமிக்கு, சங்கராபுரத்திலிருந்து ஏட்டு சுப்புராயன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா அம்சவள்ளியும் சிவப்புப் பசுவும் நலம். கள்ளக்குறிச்சியில் நீயும் உன் புதுக் கறுப்புக் கோட்டும் நலந்தானே? போனில் சொன்னால் எங்கேயாவது பதிவாகித் தொலையும் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஸ்டேஷனுக்கு ஸ்டன் கன் என்று ஒன்று வந்திருக்கிறது. ஊரில் கரண்ட் துப்பாக்கி என்கிறார்கள். பட்டால் ஆள் விறைத்துக்கொண்டு விழுவான், அவ்வளவுதான். வேறு ஆளே கிடைக்காதது மாதிரி, பென்ஷனை நெருங்கிவிட்ட என் இடுப்பில் அதை மாட்டிவிட்டார் இன்ஸ்பெக்டர். மாட்டும்போதே, "ஏட்டய்யா, இத சுட்டா அவன் அஞ்சு செகண்டு துடிப்பான். சட்டப்படி சுடலன்னா நீங்க அஞ்சு வருசம் கோர்ட்டுல துடிப்பீங்க" என்றார். ஒரு கேஸ் விழுந்தால் என் பென்ஷன் அந்தரத்தில் தொங்கும் என்பது உனக்குத் தெரியாததா? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உயரத்தில் நிற்பவனைச் சுடக்கூடாது, தண்ணீரில் நிற்பவனைச் சுடக்கூடாது, டீசல் பக்கத்தில் கூடாது, நெஞ்சு நோவுக்காரனைக் கூடவே கூடாது. பயிற்சியில் சொன்னதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், சுடத் தகுந்த ஆள் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்க, மாட்டுவண்டிக் கந்தசாமிக்கும் டிராக்டர் அம்மாசிக்கும் யார் முன்னால் போவது என்று தகராறு. நான் போய்ச் சேரும்போது கந்தசாமி கரும்புப் பாரத்தின் உச்சியில் நின்று வெட்டுக்கத்தியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். நானும் துப்பாக்கியை நீட்டி, "போலீசு! சுடப் போறேன்!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் உறைத்தது, ஆள் உயரத்தில் இருக்கிறார். "யோவ், மொதல்ல எறங்குய்யா, மேல நிக்கிறவன சுடக் கூடாது" என்றேன். மனுஷன் மரியாதையாக இறங்கி வாய்க்காலில் நின்றார். "அங்க தண்ணி கீது, இந்தப் பக்கம் வா." வந்து டிராக்டரோரம் நின்றார். அங்கே டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. இதற்குள் கூட்டமே எனக்கு ஒத்தாசைக்கு இறங்கிவிட்டது. சோடா விற்கிற பூமாலை, "இங்க காஞ்ச எடம் கீதுங்க, இங்க வச்சி சுடுங்க" என்று தரையைப் பெருக்கிக் கொடுக்கிறாள். கந்தசாமியும் கத்தியை வண்டியில் வைத்துவிட்டு அங்கே வந்து நின்று, "இன்னும் எவ்ளோ நேரங்க ஆவும்?" என்கிறார். கத்தியைக் கீழே வைத்தவரைச் சுடவே கூடாது என்பது எனக்குத் தோன்றவில்லை, மச்சான். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

கடைசியாக, "நெஞ்சு நோவு ஏதாச்சும் கீதா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "கீதுங்க. மாத்திரை முழுங்கிக்கினுதான் கீறேன்" என்றார். அவ்வளவுதான், அம்மாசி பதறிக்கொண்டு ஓடிவந்து, "இன்னாய்யா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நீ முன்ன போ, வெயில்ல நிக்காத" என்று தானே டிராக்டரைப் பின்னுக்கு எடுத்தான். பூமாலை சோடா உடைத்துக் கொடுத்தாள். துப்பாக்கியை உறையில் போட்டபோது சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருத்தர் மேலும் படவில்லை, கேஸுக்கு வழியே இல்லை. இன்ஸ்பெக்டர் கூட டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் செய்ததெல்லாம் சட்டப்படி சரிதான் என்று உன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பினால், கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவைப்பேன். உனக்கும் சீக்கிரம் கேஸ் கிடைத்து, கோட்டுக்கு வேலை வந்து, பேரும் புகழுமாக நீ விளங்க வேண்டுமென்று மனசார ஆசீர்வதிக்கும்,
உன் அத்தான்,
சுப்புராயன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் தபால்காரர் ஒரு வக்கீல் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். கந்தசாமி அனுப்பியது. ஊர் முன்னால் நான் நெஞ்சு நோவைக் கேட்டதிலிருந்து எவனும் அவரோடு சண்டைக்கு வருவதில்லையாம், கையை ஓங்கினாலே "பாவம், ஒக்காருங்க" என்கிறார்களாம், அதனால் மானநஷ்டம். கீழே இருக்கிற கையெழுத்து உன்னுடையது! அலறிக்கொண்டு உள்ளே ஓடினேன். உன் அக்கா நிதானமாக, "அவுரு வூட்டுக்கு வந்து நல்ல வக்கீலு யாருன்னு கேட்டாரு, நான்தான் சொல்லி அனுப்புனேன். தம்பிக்கு இதான் மொத கேஸு. நீங்க சமாதானம் கிமாதானம் பேசிக்கினு அத கெடுத்துடாதீங்க" என்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதையும் நான் எழுதவில்லை. ஆசீர்வாதம் மட்டும் அப்படியே இருக்கட்டும். கோர்ட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாதாடு. ஜெயித்து மட்டும் தொலைக்காதே.