கிட்டாலேக்காரர்கள் தின்ற தீப்பெட்டி

கென்யாவின் கிட்டாலே கடைத்தெருவில் அன்று பாதிக் கடை பூட்டிக் கிடந்தது. கிப்ரோனோவின் பேரங்காடியில் முக்காலமும் சொல்லும் திரை வந்திருக்கிறதாம். செருப்புக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர் எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். திரைக்குப் பக்கத்தில், நைரோபியிலிருந்து வந்த டாக்டர் முத்தோகா. எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டு அவ்வளவு நன்றாக இருந்தது.

கல்லாவில் பதிவாகும் விற்பனையெல்லாம் அதில் வண்ணக் கோடுகளாக ஏறின, இறங்கின. கூட்டம் வாயைப் பிளந்தது.

"உங்க ஊர் ஜனங்க ஒரு நாளைக்கு எண்ணூறு தீப்பெட்டி வாங்குறாங்க," என்றார் டாக்டர். "இருட்டுன்னா அவ்வளவு பயம். ஒரு லாரி வரவழைங்க. மண்டாசி ஒண்ணுகூட விக்கல. அந்த அடுப்பை இன்னைக்கே அணைச்சிடுங்க."

கிப்ரோனோ தலையாட்டினார். அங்கேயே மண்டாசி என்ற இனிப்பு மாவுப் பலகாரம் பொரித்துத் தரும் நசிமியு கரண்டியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். மூன்று பிள்ளைகளின் படிப்பு அந்த எண்ணெய்ச் சட்டியை நம்பித்தான் இருந்தது. விடிந்ததிலிருந்து கை ஓயாமல் பொரித்தவள் அவள். அதெல்லாம் எங்கே போயிற்று?

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"திரைகிட்ட கேளும்மா. அது பொய் சொல்லாது."

"அதுகிட்டதான் கேக்கப்போறேன்."

எல்லாரும் பார்க்க மூன்று மண்டாசியை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். கல்லாப் பெண் ஜெபெட், பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியை எடுத்து மூன்று தடவை இயந்திரத்தில் காட்டினாள். திரையில் தீப்பெட்டி மூன்று கூடியது.

"எதுக்குடி தீப்பெட்டி?"

"மண்டாசியில பார்கோடு ஒட்டலையே அக்கா, மெஷின் எப்படிப் படிக்கும்? ரெண்டும் பத்து ஷில்லிங்தான். வேலைக்கு வந்த நாள்லேருந்து இப்படித்தான் அடிக்கிறேன்."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "இது வாங்குறவங்க ஆழ்மனசுல இருக்குற ஆசை..."

நசிமியு ஒரு மண்டாசியை நீட்டினாள். "அப்போ இதை உரசிப் பத்தவைங்க, பாப்போம்."

கூட்டம் சிரித்தது. கிப்ரோனோ சிரிக்கவில்லை. "ஒரு நாளாவது கல்லாப் பக்கம் வந்து பாத்தீங்களா?"

"அது எங்க வேலை இல்லைங்க. உள்ள வர்றதை அழகா வரைஞ்சு காட்டுறதுதான் எங்க வேலை."

டாக்டர் மதிய பஸ்ஸுக்குக் கிளம்பினார். அடுப்பு அணையவில்லை. ஊரே அவரைத் திட்டியது. திட்டட்டும். ஆனால் காலையிலிருந்து திரையைப் பார்த்துத் தலையாட்டியவர்களில் ஒருவராவது கழுத்தைத் திருப்பியிருக்கலாம். மண்டாசிக்கு நின்ற வரிசை அவர்கள் முதுகுக்குப் பின்னால் வாசல்வரை நீண்டிருந்தது.