ஈரம் அண்ணையும் என் இரும்பு உரலும்

மொன்றியல் தீவு முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஈரம் அண்ணையைப் போல் தண்ணீருக்காகக் கவலைப்படும் மனிதர் கிடைக்கமாட்டார். ஆற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் பற்றியெல்லாம் அவருக்கு அக்கறை இல்லை. மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் மட்டும்தான்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு மண் ஆய்வகத்தில் அவர் காந்த மெஷின் ஓட்டினார். லொங்குய்யில் நான் வேலை செய்த அலுவலகத்தை மூடிவிட்டதால், மூன்று மாதப் பரீட்சார்த்த வேலைக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் அவர் அண்ணை, நான் தங்கச்சி. அதை அவரே முதல் நாள் முடிவு செய்துவிட்டார்.

மெஷினின் வெப்பநிலை துளியும் மாறக்கூடாது. ஒரு ஜனவரியில் ஹீட்டர் நின்றுபோக, தன் குளிர்க்கோட்டைக் கழற்றி மெஷினுக்குப் போர்த்திவிட்டு, பக்கத்தில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். “கதவைச் சாத்துங்கோ தங்கச்சி, காந்தத்துக்குக் குளிரும்” என்றார்.

மெஷின் என்ன செய்கிறது என்று கேட்டவர்கள் தப்பியதில்லை. வில்லரேயில் ஒரு கலியாண வீட்டில் பந்தியை மறித்து வைத்து விளக்கினார். காந்தத்துக்குள் மண்ணை வைத்து மெஷின் ஒரு தட்டுத் தட்டும். தண்ணீர் துள்ளி எழும்பிப் பிறகு அடங்கும். அடங்க எடுக்கும் நேரத்தை அளக்க வேண்டும். பெரிய மண்டபத்தில் பிள்ளைகள் ஓடி அடங்க நேரமாகும், சின்ன அறையென்றால் சுவரில் முட்டி முட்டி உடனே அடங்கிவிடுவார்கள். மணல் மண்டபமாம், களிமண் அறையாம். பின்னால் நின்றவர்களுக்கு வடை முடிந்துவிட்டது.

பத்து வருடத்தில் ஒரு பிழையான அளவும் தன் மெஷினிலிருந்து வெளியே போனதில்லை என்று நாளுக்கு இரண்டு தடவையாவது சொல்லுவார்.

காய்ந்த மண்கட்டியை நொறுக்கி, சலித்து, அளவாகத் தண்ணீர் விட்டுக் கொடுப்பது என் வேலை. ஆய்வகத்துப் பீங்கான் உரல் ஆமை வேகம். கெட்டிக்காரியாகிய நான் வீட்டிலிருந்து என் உரலைக் கொண்டுபோய், ஒரு கிழமை வேலையை ஒரே நாளில் முடித்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஸ்ட்ரோபெரித் தோட்டத்து மணல் அத்தனையும் களிமண் மாதிரி அளவு காட்டியது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் விளக்கம் வேண்டும் என்றார் ஆய்வகத் தலைவி. என் வேலை நிரந்தரமாவதும் அதே கூட்டத்தில்தான்.

அண்ணை ஒரு சின்னக் காந்தத்தைக் கடதாசியில் சுற்றி என் மண்ணுக்குள் விட்டெடுத்தார். கறுப்புத் தூள் அப்பிக்கொண்டு வந்தது.

“எதாலை இடிச்சனீங்கள்?”

“வீட்டு இரும்பு உரலாலை அண்ணை. இஞ்சி உள்ளி இடிக்கிறது.”

“இரும்பு நிண்டா தண்ணி கெதியா அடங்கியிடும். வகுப்புக்குள்ளை அதிபர் வந்த மாதிரி. இஞ்சியின்ரை கதை எனக்குத் தெரியாது” என்றார்.

இடிக்காமல் கிடந்த மிச்ச மண்கட்டியைப் பீங்கான் உரலில் இடித்து, இருவரும் இரண்டு நாள் ஓட்டினோம். மணல் மணலாகவே வந்தது. ஆனால் பழைய பிழை பிழைதானே. கூட்டத்தில் தலைவி காரணம் கேட்டார். உண்மையைச் சொல்ல நான் எழும்ப, அண்ணை முந்திக்கொண்டார். மண்ணில் இரும்பு கலந்திருந்தது. மெஷினுக்குள் விடுமுன் பார்த்திருக்க வேண்டியவன் நான். பத்து வருடத்தில் இது என் முதல் பிழை என்றார்.

என் வேலை நிரந்தரமானது. வெளியே வந்து, ஏன் அண்ணை என்று கேட்டேன். “பாக்காமல் விட்டது நான்தானே” என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பத்து வருடப் பெருமையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை அது எனக்குக் கேட்காமல் இருக்கிறது.