டிராகன் கண்ணுக்குக் கறுப்பு டேப்

லேப்டாப்பின் மூடியில் இருந்த டிராகனின் ஒற்றைக் கண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதை எப்படி அணைப்பதென்று அஃப்ரீத்துக்குத் தெரியவில்லை. வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

தலையணையை எடுத்து அமுக்கினான். தலையணையின் நாலு பக்கமும் கீபோர்டின் ஏழு நிறங்கள் கசிந்தன. போர்வையை எடுத்து அதற்கு மேல் போட்டான். உள்ளே லேப்டாப்பின் காத்தாடிக்கு மூச்சு முட்டி, பந்தல்குடி மேட்டில் உப்பு லோடு ஏற்றிய லாரி ஏறுவதுபோல உறும ஆரம்பித்தது.

"கட்டில்ல என்னடா உறுமுது?" என்றபடி அம்மா ஷம்சாத் பேகம் போர்வையை உருவினார். உருவியவர் அப்படியே வாயில் கை வைத்தார். "யா அல்லா! சந்தனக்கூடு கணக்கா ஜொலிக்குதே! படிக்கிற பொட்டிக்கு எதுக்குத் தம்பி இம்புட்டு விளக்கு?"

"கோடிங் எழுதுறதுக்கும்மா. சரியா எழுதுனா பச்சை. தப்பா எழுதுனா செவப்பு."

"அப்ப இந்த ஊதா?"

"அது… சரியா தப்பான்னு அதுக்கே தெரியலைன்னா."

ஷம்சாத் பேகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு, தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் சொல்லப் புறப்பட்டுவிட்டார்.

அஃப்ரீத் அருப்புக்கோட்டையில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் இரண்டாம் வருடம் படிக்கிறவன். அந்த வருடத்துப் புராஜெக்ட் என்னவென்றால், கல்லூரி நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப்போனார்கள் என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான். அதற்கு இந்த லேப்டாப்பை வாங்குவது, ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிவரப் பதினாறு சக்கர லாரியை அனுப்புகிற மாதிரி.

ஆனால் அவனுக்கு வேண்டியது வேறு. ஒரு கார் பந்தய விளையாட்டு. அதில் மழை பெய்தால் பேனட்டில் விழுகிற துளியைத் தனித்தனியாக எண்ணலாம். அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு மழை பார்க்க அதைவிட்டால் வேறு வழியும் கிடையாது. எனவே சவூதியில், தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டும் அவனுடைய அத்தா முகம்மது சுல்தானுக்குப் போன் போட்டான். "இந்த மிஷின் இல்லைன்னா புராஜெக்ட் பண்ணவே முடியாதுத்தா" என்று ஒரே போடாகப் போட்டான்.

சுல்தான் மறுபேச்சுப் பேசவில்லை. மாடல் நம்பரை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லி, எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அத்தா எங்கேயோ விசாரிக்கப் போகிறார் என்று அஃப்ரீத்துக்கு அப்போதே தோன்றியது. ஆனாலும் பணம் வந்ததும் மதுரைக்குப் போய் வாங்கி வந்துவிட்டான். சார்ஜர் மட்டும் செங்கல் கனம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில், இறங்கும்போது ஒரு கால் மரத்துப்போய் நொண்டி நொண்டித்தான் வீடு சேர்ந்தான்.

விளையாட்டை இறக்க முதலில் அவன் போனில் இருந்த டேட்டா தீர்ந்தது. பிறகு அம்மாவின் போன். பிறகு விருந்தாட வந்த மூன்று பேருடைய போன். கடைசியில் ஒருநாள் சாயங்காலம் அது வந்து சேர, பொத்தானை அமுக்கினான். காத்தாடி எடுத்த எடுப்பில் கூரையைத் தூக்கப் பார்த்தது.

கார் கிளம்பவில்லை. அதற்குள் கதவைத் தட்டியது யாரென்று பார்த்தால், பக்கத்துத் தறிக்கூடத்து முதலாளி தனுஷ்கோடி. முப்பது வருடம் பவர்லூம்களுக்கு நடுவில் நின்று காது மரத்தவர். காலடியில் அணுகுண்டு வெடித்தால், 'யாரோ கூப்பிட்டாப்புல இருக்கே' என்று திரும்பிப் பார்ப்பவர்.

"தங்கச்சி, வீட்டுக்குள்ள மாவு மில்லு ஏதும் போட்டுட்டீகளா? எங்க ஆளுகளுக்குத் தறிச் சத்தமே கேக்க மாட்டேங்குது. நூல் அந்துபோனது தெரியாம ஓட்டிக்கிட்டு இருக்காய்ங்க."

"அது மில்லு இல்லண்ணே. எம்மவன் படிக்கிறான்."

"இம்புட்டுச் சத்தமாவா?" தனுஷ்கோடி உள்ளே எட்டிப் பார்த்தார். ஏழு நிறமும் அவர் வேட்டியில் அடித்தது. "அடேயப்பா! ஏந்தம்பி, இம்புட்டுப் பெரிய மிஷின வச்சிருக்க, நம்ம சேலை பார்டருக்கு ஒரு மயில் டிசைன் போட்டுக் குடேன். புண்ணியமாப் போகும்."

"எனக்குப் புராஜெக்ட் இருக்கு அண்ணாச்சி…"

"அதெல்லாம் போடுவாண்ணே," என்றார் ஷம்சாத் பேகம். "இதுல முடியாதது எதுவுமில்லையாம்."

முடியாது என்றால் மிஷின் மேல் சந்தேகம் வரும். அஃப்ரீத்துக்கு மயில் வரையவும் வராது. திரையில் இருந்த டிராகன் படத்தை எடுத்து, நீட்டி, வளைத்து, கொஞ்சம் பச்சை அடித்துக் கொடுத்துவிட்டான்.

"மயில் ஜம்முனு இருக்கு. வாயிலருந்து என்னமோ கக்குது?"

"அது… தோகை அண்ணாச்சி."

"வாயில தோகையா! இது இன்னும் எவனுக்கும் தோணலையேப்பா!"

அந்தச் சேலை திருச்சுழி வட்டாரத்துக் கல்யாணங்களில் நெருப்பாகப் பறந்தது. ஒரு முகூர்த்தத்தில் மணமகளின் அத்தைமார் அத்தனை பேரும் இடுப்பைச் சுற்றி டிராகன் நெருப்புக் கக்க மேடை ஏறினார்கள். தனுஷ்கோடி தினமும் சாயங்காலம் வந்தார். அன்னத்துக்குத் தோகை வை என்றார். யானைக்கும் வைத்தால் என்ன என்றார். அஃப்ரீத் கார் ஓட்ட வேண்டிய நேரமெல்லாம் யானைக்குத் தோகை வரைவதில் போனது.

இதற்கு நடுவில்தான் அத்தாவின் வீடியோ கால். மஃரிபு தொழுகை முடிந்த நேரம். திரையில் சுல்தானுடைய தாடி ஒரு நிமிடம் சிவப்பாகவும் மறு நிமிடம் நீலமாகவும் தெரிந்தது.

"என்னங்க, மொகத்துல கலர் கலரா ஓடுது?" என்றார் ஷம்சாத் பேகம்.

"எதுத்த கடை போர்டும்மா. அத விடு. ஏப்பா அஃப்ரீத், மிஷின் எப்பிடி? விளக்கெல்லாம் நல்லா எரியுதா?"

அஃப்ரீத் உஷாரானான். விளக்கு இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"எரியுதுத்தா… லேசா."

"கீபோர்டுல நமக்குப் புடிச்ச கலர மாத்திக்கலாமாம்ல?"

"தெரியாதுத்தா. படிப்புக்குன்னு இல்லாத எதையும் நான் தொடுறதே இல்ல."

"ஓகோ," என்றார் சுல்தான்.

அந்த 'ஓகோ'வில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தறிக்கூடத்து எலெக்ட்ரீசியனிடம் கறுப்பு டேப் வாங்கிவந்து டிராகனின் கண்ணில் ஒட்டினான். டிராகன், மதுரையில் கண்புரை ஆபரேஷன் முடித்து ஊருக்குப் பஸ் ஏறிய பெரியவர்போல ஆகிவிட்டது.

அடுத்த வாரம் மறுபடியும் கால். மறுபடியும் அதே கடை போர்டு வெளிச்சம்.

"ஏப்பா, பாரமா எதையாச்சும் ஓட்டுனாத்தான் அதுல காத்தாடி சத்தம் வருமாம்ல? ஒனக்கு வருதா?"

"வருதுத்தா."

"அப்ப என்ன ஓட்டுற?" சுல்தான் முகத்தைத் திரைக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"புராஜெக்ட்டுத்தா."

"புராஜெக்ட்டு அம்புட்டுப் பாரமோ?"

"ரொம்பப் பாரம்."

சுல்தான் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "சும்மா கேக்குறேன். இந்தக் கார் ரேஸு, அது இதுன்னு சொல்றாய்ங்களே, அதெல்லாம் இதுல ஓடுமா?"

வந்துவிட்டது கண்ணி என்று அஃப்ரீத் நினைத்தான். இதில் தப்பிவிட்டால் ஆயுசுக்கும் தப்பித்த மாதிரி.

"ஓடவே ஓடாதுத்தா. போட்டா மிஷினே வெடிச்சிரும்."

"சின்ன ரேஸு கூடவா?"

"எந்த ரேஸும் ஓடாது. அதோட, கேம் ஆடுற பயலுகளக் கண்டாலே எனக்கு ஆகாது. உருப்படாத பயலுக."

"சரிப்பா. நல்லாப் படி," என்றார் சுல்தான். கை எதையோ மூடியது போலிருந்தது. அவர் முகத்தில் ஓடிய நிறங்கள் நின்றுபோயின. கடையை அதற்குள் அடைத்துவிட்டார்கள் போல.

ஜெயித்துவிட்டதாகத்தான் அஃப்ரீத் நினைத்தான். மறுநாள் சோறு போடும்போது அம்மா சொன்னார்:

"உங்கத்தா பெருநாளைக்கு வரலையாம்."

"ஏம்மா?"

"லீவ வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, அதுக்குண்டான காசையும் டிக்கெட்டுக் காசையும் வாங்கிக்கிட்டாகளாம். பெரிய செலவு வந்துருச்சுன்னாக. என்ன செலவுன்னா வாயத் தொறக்க மாட்டேங்குறாக."

என்ன செலவு என்று அஃப்ரீத்துக்குத் தெரியும். அது கட்டிலில் கண்ணில் டேப்போடு படுத்திருந்தது.

பெருநாள் வந்தது. தறிகள் நின்றிருந்தன. அம்மா பந்தல்குடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பிரியாணி கொடுத்துவரப் போயிருந்தார். தனுஷ்கோடிகூட வரவில்லை. இத்தனை நாளில் முதல்முறையாக அஃப்ரீத் விளையாட்டைப் போட்டான். மழை பெய்தது. பேனட்டில் துளித்துளியாக விழுந்தது. சொன்னது சொன்னபடி எண்ணலாம்தான். முதல் வளைவில் திரும்பினால், பாதையோரமாக ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. எந்த நாட்டுக்காரன் எதற்காக அதை அங்கே வரைந்து வைத்தானோ. அதை உரசிக்கொண்டு போனால்தான் முந்த முடியும்.

அவனுக்குக் கை வரவில்லை. காரை லாரிக்குப் பின்னால் ஓரங்கட்டினான். பின்னால் வந்த அத்தனை பேரும் அவன் மேல் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனார்கள். கடைசி ஆளாக உட்கார்ந்து, அந்த லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயம் பார்த்து வந்தது அடுத்த இடி. அத்தாவோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் மன்சூர் அலி லீவில் வருகிறாராம்.

"ஒன் மிஷினப் பாத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாகளாம்," என்றார் அம்மா.

வேவு பார்க்க ஆள் வருகிறது! அஃப்ரீத்துக்குப் பயம் ஒரு பக்கம். ஆனால் அந்தப் பெருநாளுக்குப் பிறகு பயத்தைவிட வேறொன்றுதான் நெஞ்சை அதிகம் அறுத்தது. டிராகனைப் பையில் போட்டுக்கொண்டு மதுரை பஸ் ஏறினான். பழைய லேப்டாப் வாங்கி விற்கிற கடையில் வைத்தான்.

"புத்தம் புதுசா இருக்கே தம்பி, இதப் போயி எதுக்குக் குடுக்குற?" என்று கேட்ட கடைக்காரர், கண்ணில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்துப் பார்த்தார். கண் ஒரு தடவை சிவப்பாக எரிந்தது. அஃப்ரீத் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

டிராகனைக் கொடுத்து, சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரண லேப்டாப்பை வாங்கிக்கொண்டான். மீதிப் பணத்தை ஒரு கவரில் போட்டு ஒட்டினான். அத்தாவின் டிக்கெட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

புதிய லேப்டாப்பில் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. அம்மாவிடம், "கலர் விளக்கு கண்ணுக்கு ஆகாதுன்னு சார் சொல்லிட்டாரும்மா" என்றான். தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்த ஷம்சாத் பேகத்துக்கு முகம் செத்துப்போனது. அன்று சாயங்காலமே தனுஷ்கோடி பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன தங்கச்சி, சத்தத்தையே காணோம்? தம்பி படிப்ப நிப்பாட்டிட்டானா?"

மன்சூர் அலி வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தார். அவருக்கு முன்னாலேயே அவருடைய அத்தர் வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. பேரீச்சம்பழம், பால்பவுடர், தைலம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தைப் பிரித்தார். லேப்டாப்பில் செருகி விளையாடுகிற ஸ்டியரிங். பெடலோடு.

"இந்தாப்பா, இது ஒனக்கு. உங்கத்தா வாங்கி வச்சது. குடுத்துவிடல. கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. அவுகளுக்குத் தெரியாம நாந்தான் தூக்கிட்டு வந்தேன். சரி, எங்க அந்த மிஷினு? போடு, பாப்பம்."

கடைசிக் கண்ணி என்று அஃப்ரீத்துக்குத் தோன்றியது. ஆனால் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தான். சாம்பல் நிற லேப்டாப்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். அதன்மேல் கவரை வைத்தான்.

"அந்த மிஷின் இல்ல மாமா. மாத்திட்டேன். நான் படிப்புக்குக் கேக்கல. கார் ரேஸ் ஆடத்தான் கேட்டேன். அத்தாகிட்டப் பொய் சொல்லிட்டேன்." "இந்தக் காச அத்தாகிட்டக் குடுத்துருங்க. என் மிஷினுக்காகத்தான அவுக லீவ வித்தாக. அடுத்த பெருநாளைக்காவது வரச் சொல்லுங்க."

ஷம்சாத் பேகம் தேத்தண்ணி டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

மன்சூர் அலி கவரைப் பார்த்தார். சாம்பல் நிற லேப்டாப்பைப் பார்த்தார். மடியில் இருந்த ஸ்டியரிங்கை ஒருமுறை இடது பக்கம் திருப்பி, வலது பக்கம் திருப்பி, தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி, ஒன் மிஷினுக்குன்னு அவுக தனியாக் காசு சேத்து வச்சிருந்தாகடா, மவன்கூடச் சேந்து ரேஸு ஓட்டணும்னு அதே மாடல் நம்பர்ல தனக்கும் ஒண்ணு வாங்குனாக பாரு, அதுக்குத்தான் லீவ வித்தது — கேம் ஆடுற பயலுகளக் கண்டாலே ஆகாதுன்னு நீ சொன்ன அன்னைக்கே, அவுக டிராகனோட கண்ணுல கறுப்பு டேப்ப ஒட்டிட்டாக!"