தேர் வரட்டும் என்று காத்திருந்த வழக்கு

சட்டம் தெரியாதவனால் வீட்டுக்குப் பெரிய ஆபத்தில்லை. அரைகுறையாகத் தெரிந்தவனைத்தான் கட்டிப்போட வேண்டும். ஐம்பதுகளில் திண்டுக்கல்லில் அப்படிக் கட்டிப்போடாமல் விடப்பட்டவன் நான்.

கல்யாணமான மறுவருடம் என் மனைவி ராசாத்திக்குப் பல்வலி. தாடிக்கொம்புப் பெருமாள் கோயில் தேரன்று டவுனில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மனிதர் சொத்தைப் பல்லை விட்டுவிட்டு, பக்கத்தில் தேமே என்றிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். அதுவும் முன்வரிசையில். கேட்டதற்கு, "அதுவும் லேசா அசைஞ்சுச்சும்மா" என்றார். (பிடித்து அசைத்தால் எதுதான் அசையாது?)

ராசாத்திக்கு இருபது வயது. கண்ணாடி பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். "அந்தாளு கோர்ட்ல நின்னு, தப்புத்தான்னு சொல்லணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்" என்றாள்.

வக்கீலைப் பார்த்தோம். "பல்லைப் பிடுங்குன நாள்லருந்து ஒரு வருசத்துக்குள்ள வழக்குப் போட்டுரணும். தவறுச்சுன்னா போச்சு" என்றார்.

"தேதியக் குறிச்சு வச்சுக்கங்க" என்றாள் ராசாத்தி.

"போடி, தேர் நாளை எவனாச்சும் மறப்பானா? அடுத்த தேருக்கு முன்னாடி போட்டாப் போதும்" என்றேன் நான்.

டாக்டரே வந்து மன்னிப்புக் கேட்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு. (அவர் தெருவில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.) ராசாத்தி கேட்கும்போதெல்லாம், "தேருக்கு இன்னும் நாள் கெடக்கு" என்று வாயடைத்தேன். கடைசியில் தேருக்கு மூன்று நாள் முன்பு, முன்யோசனைக்காரன் என்ற மிதப்போடு அவளையும் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் போனேன்.

அவர் டாக்டர் கொடுத்த சீட்டைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு வருசம் முடிஞ்சு பதினாறு நாளாச்சேய்யா!"

"தேர் இன்னும் வரலையே சார்?"

"தேர் ஆடிப் பௌர்ணமிக்கு வரும். பௌர்ணமி வருசா வருசம் ஒரே தேதியிலயா வருது? இந்த வருசம் தள்ளி வருதுய்யா. கோர்ட்டு இங்கிலீஷ் தேதியத்தான் பாக்கும்!"

"பதினாறு நாள்தான சார், செத்த பாத்து..."

"ஒரு நாள்னாலும் தள்ளுபடிதான்."

வெளியே வந்ததும் ராசாத்தி சொன்னாள்: "சொத்தப்பல்லு இன்னும் வலிக்குது. அதப் பிடுங்க நான் தனியாவே போய்க்கிறேன். நீங்க வர வேணாம்."

அன்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை முதல் கரண்ட் பில் வரை தேதி விஷயத்தில் என்னை யாரும் கேட்பதில்லை. "தாத்தாவுக்குத் தேர்க் கணக்கு" என்று பேரப்பிள்ளைகள் வரை பரவிவிட்டது. ராசாத்தி யார் முன்னாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் கையை எடுத்துவிட்டு, ஓட்டைப்பல் தெரிய, என்னையே பார்த்துச் சிரிப்பாள்.