முக்கால் கிலோ என்று சொல்லப்பட்ட விசை

நடந்தது இதுதான்:

1. கண்டக்குழியில் என் ராத்தாவின் விடுதி முற்றத்தில், கொழும்பிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் வில்லைப் பாதி இழுத்தேன்.
2. விரல் படக்கூடாத இடம் எது என்று காட்டுவதற்காக, அந்த இடத்தை விரலால் தொட்டேன்.
3. என் வலது கை என் வாயில் குத்தியது.
4. அம்பு தண்ணீர்த் தாங்கியில் ஏறியது.
5. மாமா அம்பைப் பிடுங்கினார்.
6. வட்டிலப்பம் நனைந்தது.
7. உதட்டில் இரத்தத்தோடு நான் ஐந்தாவது பாதுகாப்பு விதியை வாசித்தேன்.

நான் வேலை செய்யும் இடத்தில் விபத்து அறிக்கை இப்படித்தான் எழுத வேண்டும். முதலில் நடந்தது, பிறகுதான் காரணம். நான் புத்தளத்தில் ஒரு தொழிற்சாலையில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் தொழில்நுட்ப உதவியாளர். அழுத்தமானி, வெப்பமானி, தராசு என்று முள் உள்ள எந்தச் சாமானும் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். (இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசித்தால் என் வெட்கத்தின் அளவு சரியாக விளங்கும்.)

ராத்தா என் மூத்த சகோதரி. கண்டக்குழிக் கடற்கரையில் நான்கு அறைகள் உள்ள ஒரு விடுதி நடத்துகிறார். காற்று வீசும் மாதங்களில், பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீர்மேல் ஓடும் வெள்ளைக்காரர்கள் வந்து அறைகளை நிரப்புவார்கள். காற்று விழுந்தால் அவர்களும் போய்விடுவார்கள். பிறகு முற்றத்தில் காகங்களும் ராத்தாவும்தான். ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், கத்தாரில் வேலை. அந்த வருடம் அவர் தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டார்: காற்றில்லாத மாதங்களுக்கும் ஆள் வருவதற்கு ஒரு வழி பிடிக்காவிட்டால், விடுதியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு ராத்தா கத்தாருக்கு வந்துவிட வேண்டும்.

"நான் அங்க போய் என்ன செய்யிற? ஏசியப் போட்டுக்கிட்டுச் சுவரப் பாத்துக்கிட்டு இரிக்கவா?" என்று ராத்தா என்னிடம் கேட்டார். கேட்டவரின் கண் கலங்கியிருந்தது. அந்த விடுதியின் ஒவ்வொரு கல்லும் எந்த லொறியில் வந்தது என்று சொல்லக்கூடியவர் அவர்.

அந்த நேரத்தில்தான் நதீகா மிஸ் ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தார். கொழும்பில் அலுவலகக் குழுக்களுக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்பவர். கடலைத் தவிர உங்களிடம் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். ராத்தா மூச்சு விடாமல், "அம்பெய்யலாம் மிஸ்" என்று சொல்லிவிட்டார். அப்போது எங்கள் கையில் அம்பும் இல்லை, வில்லும் இல்லை. (எங்கள் வீட்டில் எப்போதும் வாய் முன்னே போகும், சாமான் பின்னே வரும்.)

சாமான் ஒரு கிழமையில் வந்தது. பாவித்த வில். இரண்டு முனையிலும் கப்பி வைத்தது. அதோடு ஒரு சிறிய பெட்டி. பெட்டிக்குள் மணிக்கட்டில் கட்டும் ஒரு தோல் பட்டி, அதன் நுனியில் இரண்டு இரும்புத் தாடைகள், தாடைக்குக் கீழே துப்பாக்கியில் இருப்பதுபோல ஒரு விசை.

"இது என்னத்துக்கு?" என்றார் ராத்தா.

"தெரியாது. ரெண்டு நாள் தாங்க" என்றேன்.

அந்த இரண்டு நாளும் நான் மிகச் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சாமானின் பெயர் ரிலீஸ். நாணை விரலால் பிடித்து இழுத்தால், விடும்போது விரல் நாணை ஒரு பக்கம் தள்ளும், அம்பு கோணும். அதனால் நாணில் ஒரு சின்னக் கயிற்று வளையம் கட்டி, அதை இந்தத் தாடைகள் கவ்விக்கொள்ளும்படி செய்கிறார்கள். இழுப்பது கையல்ல, மணிக்கட்டுப் பட்டி. விசையை மெல்ல அழுத்தினால் தாடை திறக்கும், நாண் நேராகப் போகும். நண்டின் கவ்வு மாதிரி. ஆனால் நண்டு தன் விருப்பத்துக்கு விடும், இது நம் விருப்பத்துக்கு விட வேண்டும்.

பட்டியின் நீளத்தைச் சரிசெய்வது சுலபம். சுட்டுவிரலின் மடிப்பு விசையில் வசதியாகப் படும்வரை ஒவ்வொரு துளையாக மாற்றிப் பார்த்தேன். என்னைக் கெடுத்தது அதன் பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் திருகாணி. அதைத் திருப்பினால் விசை இலேசாகும், அல்லது கடினமாகும். புதிதாகப் பழகுபவர்களுக்குக் கடினமாகவே வைத்திருங்கள் என்று கையேடு சொன்னது. எவ்வளவு கடினம் என்று சொல்லவில்லை. எண் இல்லாத அறிவுரையை என்னால் விட்டுவைக்க முடியாது.

அளந்து பார்க்க முடிவு செய்தேன். மாமாவிடம் ஒரு கொக்கித் தராசு இருக்கிறது. மாமா உம்மாவின் தம்பி. களப்பில் நண்டு வலை போடுபவர். முப்பது வருடமாக நண்டு விற்கிறார். அன்று விடுதிக் குசினிக்குப் பின்னால் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ரிலீஸை ஒரு தூணில் கயிற்றால் கட்டி, ஒரு கையால் அதை இறுக்கிப் பிடித்து, மறு கையால் தராசின் கொக்கியை விசையில் மாட்டி இழுத்தேன். தாடை திறக்கும் நொடியில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். என் இரண்டு கையும் வேலையில். தராசின் முகமோ மறுபக்கம்.

"மாமா, முள்ளப் பாத்துச் செல்லுங்க. டக்குனு சத்தம் கேக்கிற நேரம் எவ்வளவுன்னு." (எங்கள் பேச்சில் 'செல்லுங்க' என்றால் 'சொல்லுங்க'.)

"அதென்ன பெரிய வேல? செல்றேன்."

டக்.

"ரெண்டு கிலோ" என்றார் மாமா.

குறித்துக்கொண்டேன். திருகாணியைக் கால் சுற்று திருப்பினேன். டக். "ஒண்டே முக்கால்." இன்னும் கால் சுற்று. "ஒண்டரை." ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் இன்னும் இனிமையாகியது. ஒரு கிலோவில் நிறுத்துவதாகத்தான் திட்டம். ஆனால் ஒன்றுக்குப் பிறகு எப்படியிருக்கும்? (விபத்து அறிக்கையில் 'ஆர்வம்' என்று ஒரு கட்டம் இல்லை. இருக்க வேண்டும்.) இன்னும் கொஞ்சம் திருப்பினேன். டக்.

"முக்கால்" என்றார் மாமா. "மாஷா அல்லாஹ், நல்லாத்தான் இரிக்கி."

விரலால் தொட்டுப் பார்த்தேன். 'இது அளவுக்கு மிஞ்சிய இலேசு' என்றது விரல். 'முக்கால் கிலோ' என்றது குறிப்புப் புத்தகம். விரலை நம்பாதே, எண்ணை நம்பு என்பதுதான் எனக்குத் தரப்பட்ட பயிற்சி.

பிறகு கையேட்டில் இருந்த பாதுகாப்பு விதிகளைத் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டேன். மொத்தம் ஒன்பது. திருகாணியை மாற்றியபின் வில்லில் மாட்டுவதற்கு முன், கயிற்று வளையத்தில் பத்து முறை இழுத்துச் சோதிக்க வேண்டும் என்பது இரண்டாவது. மூன்று முறை சோதித்தேன். மூன்றாவது முறை நான் நினைப்பதற்கு முன்பே விட்டுவிட்டது. கயிற்றில் மணல் இருந்திருக்கும் என்று எழுதி வைத்தேன். அதற்குள் ராத்தா சாப்பிடக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை நதீகா மிஸ் வந்தார். ராத்தா விடியற்காலை முதல் குசினியில் நின்று சமைத்து, முற்றத்து மேசையில் இறால், நண்டு, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் எல்லாம் மெல்லிய சீலையால் மூடி வைத்திருந்தார். கைவைத்த கதிரையில் மிஸ் உட்கார்ந்தார். இலக்குக்கு வைக்கோல் பொதிகள் அடுக்கியிருந்தேன். அதற்குப் பின்னால் ஆட்கள் நடமாடக்கூடாது என்பது மூன்றாவது விதி. ஆட்கள் நடமாடவில்லை. தண்ணீர்த் தாங்கி மட்டும் உயரத்தில் நின்றது. தாங்கி ஆள் இல்லையே.

ராத்தா என் காதருகே வந்து, "புள்ள, இது பிழையாப் போனா நான் கத்தார்" என்றார்.

"பயப்பட வேணாம் ராத்தா. எல்லாம் அளந்து வெச்சிரிக்கிறேன்."

அம்பைப் பொருத்தினேன். ரிலீஸை வளையத்தில் மாட்டினேன். இழுத்துக்கொண்டே நான்காவது விதிக்கு வந்தேன்.

"முழுசா இழுத்து, இலக்கைப் பார்க்கும்வரைக்கும் இந்த விரல் விசைக்குப் பின்னாலதான் இருக்க வேணும், மிஸ். விசையில படவே கூடாது" என்றேன். மிஸ் தலையாட்டினார். ஆனால் அவருக்கு விசை எது என்று சரியாகத் தெரியவில்லைபோல இருந்தது. ஆகவே அவர் பக்கம் சற்றுத் திரும்பி, "இங்க" என்று விரலை வைத்துக் காட்டினேன்.

மற்றது மேலே எண் மூன்று முதல் ஆறு வரை உள்ளது.

சில விளக்கங்கள் மட்டும் சேர்க்கிறேன். நாண் முன்னால் போனால் இழுத்த கைக்கு எதிர்ப்பு இல்லை. அது வந்த வேகத்தில் பின்னால் வரும். பின்னால் என் முகம் இருந்தது. முன்பல்லின் ஒரு மூலை போனது. நான் திரும்பியதில் வில்லின் முகம் உயர்ந்துவிட்டது. அம்பு பொதிகளைத் தாண்டித் தாங்கியின் நடுவயிற்றில் குத்தி, அப்படியே நின்றது. உண்மையில் சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. அம்பே அடைப்பாக இருந்தது.

"பிடுங்க வேணாம்!" என்று கத்தினேன். உதடு வீங்கத் தொடங்கியிருந்ததால் அது எவருக்கும் விளங்கியிருக்காது. மாமா ஏணியில் ஏறி, அம்பைப் பிடுங்கி, வெற்றியோடு உயர்த்திக் காட்டினார். தண்ணீர் வளைந்து வந்து நேராக மேசையில் விழுந்தது.

"அனே, ரத்தம்!" என்று நதீகா மிஸ் எழும்பினார்.

எனக்குப் பதற்றம் வந்தால் பட்டியலைத் தொடர்வேன். வேறு எதுவும் செய்யத் தெரியாது. "அஞ்சாவது விதி: பழுதான கருவியைப் பாவிக்கக் கூடாது" என்று வாசித்தேன்.

ராத்தா வட்டிலப்பத் தட்டைக் கையில் எடுத்துச் சரித்து, தண்ணீரை மணலில் ஊற்றினார். என்னை ஏசியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

மாமா ஓட்டைக்குச் சீலைத் துண்டைத் திணித்து, தோணிக்கு அடைப்பதுபோல ஒரு மரக் கட்டையை அடித்து இறக்கினார். நான் ஐஸ் கட்டியை உதட்டில் வைத்துக்கொண்டு தராசைத் தேடினேன். முக்கால் கிலோ விசை ஒரு தொடுகைக்கு விடாது. என் மண்டையில் அது ஒன்றுதான் ஓடியது. மறுபடியும் ரிலீஸைத் தூணில் கட்டினேன். இந்த முறை தராசைத் திருப்பி, முள்ளை நானே பார்த்தேன்.

டக். கால் கிலோ. ஒரு நண்டு தொங்கினாலே விட்டுவிடும்.

"மாமா, நீங்க முக்கால்னு சென்னீங்களே?"

"ஓம். முக்கால்தானே."

"முள்ளு கால்ல நிக்கிது மாமா."

மாமா முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது தராசு செல்றது, புள்ள. நான் செல்றது விலைக்கு."

"என்ன விலைக்கு?"

"நண்டு விக்கிற நேரம் நான் அரைக் கிலோ கூட்டித்தான் செல்லுவேன். வாங்குறவன் அரைக் கிலோ குறைச்சுத்தான் செல்லுவான். பொறகு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சண்ட புடிச்சா சரியான கணக்குக்கு வந்திரும். முப்பது வருஷமா இப்படித்தான். வாய் தானா கூட்டிப் போடும். நீ ஏன் சண்ட புடிக்கல்ல?"

பல் வலித்தது. ஆனால் எவ்வளவு அழகான முறை என்று அப்போதும் வியந்தேன். இரண்டு பிழையான அளவுமானிகள், எதிரெதிராக, ஒரே அளவு பிழையோடு. நடுவில் சரியான விடை. நான் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

என் பின்னால் சத்தம் கேட்டது. நதீகா மிஸ் கதிரையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ராத்தாவிடம் தெளிவாகச் சொன்னார்: "வில் வேண்டாம். பயிற்சியாளர் ஒருத்தர் இல்லாம இந்த வில்லுக்கு நான் ஆள் அனுப்ப மாட்டேன்." ராத்தா தலையைக் குனிந்துகொண்டார். மிஸ் நனையாத இறாலில் இரண்டு சாப்பிட்டார், மாமாவிடம் கொஞ்ச நேரம் கதைத்தார், போய்விட்டார்.

அன்று பின்னேரம் ராத்தா அலுமாரியைத் திறந்து கடவுச்சீட்டைத் தேடினார். நான் வாசலில் நின்று, "பிழை என்னோடது" என்றேன். "தெரியும்" என்றார்.

மூன்று கிழமை கழித்து மிஸ்ஸிடமிருந்து செய்தி வந்தது. அலுவலகத்தார் இருபது பேர், களப்பில் அந்த மாமாவோடு நண்டு வலை இழுத்து, கரையில் தராசில் நிறுத்து, அவரோடு விலைக்குச் சண்டை பிடிக்க விரும்புகிறார்கள், முடியுமா? ராத்தா கேட்காமலே மாமா ஓம் என்றார்.

இடைப்பட்ட நாட்களில் நான் திருகாணியை முழுவதும் கடினப் பக்கம் திருப்பி, பத்து முறை கயிற்றில் சோதித்து, முள்ளை நானே வாசித்து, ஒன்றரைக் கிலோவில் நிறுத்தினேன். பத்தாவது விதியும் சேர்த்தேன்: விசையைப் பற்றிய விளக்கம் எதுவும் கயிற்று வளையத்தில்தான், அம்பு பூட்டிய வில்லில் அல்ல. இதுவரை அந்த விதியைப் பாவிக்கும் தேவை வரவில்லை.

வீட்டில் இப்போது யார் எந்த எண் சொன்னாலும் ஒரு கேள்வி வரும். நான் "பத்து நிமிஷத்துல வாறேன்" என்றால், உம்மா குசினியிலிருந்து, "விக்கிற கணக்கா, வாங்குற கணக்கா?" என்பார். என் பல்லுக்கு உறை போட்ட வைத்தியர் வலி அரை மணி நேரம்தான் இருக்கும் என்றபோது நானே அதைக் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை.

ராத்தா கண்டக்குழியில்தான் இருக்கிறார். காற்றில்லாத மாதங்களில் மாதம் இரண்டு குழு வருகிறது. விடுதி நிரம்புவதில்லை, மூடுவதுமில்லை. மச்சான் பெருநாளுக்கு வந்து பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் இப்படியே பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். பயிற்சியாளர் இன்னும் கிடைக்கவில்லை. அம்புகள் அலுவலக அறையில் பூட்டிக் கிடக்கின்றன. சாவி ராத்தாவிடம்.